வெங்காயத்தின்ர கழுத்தைப் பாருங்கோ

[காட்சி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு வளவு. காலை வெயில். தாள் சரிஞ்ச வெங்காயப் பாத்தி.]

வணக்கம். இது தையில நட்ட சின்ன வெங்காயம். பாத்தியில பாதிக்கு மேல தாள் தானாச் சரிஞ்சிட்டுது. கிண்டுறதுக்கு இதுதான் பக்குவம். காலால மிதிச்சுச் சரிக்கிற ஆக்களும் இருக்கினம். வேண்டாம், கழுத்து, அதுதான் தாளும் வெங்காயமும் சேருற இடம், நசிஞ்சா அதுக்குள்ளால அழுகல் இறங்கும்.

இறைப்பை ஒரு கிழமைக்கு முன்னமே நிப்பாட்டியாச்சு. கடைசி நேரத்தில யூரியாவும் போடேல்லை. போட்டா கழுத்து மொத்திப் போய், லேசில காயாது.

[கிட்டக் காட்சி: இரண்டு வெங்காயம், ஒரு கை.]

இப்ப கிண்டினது இது. விரலால கழுத்தை அமத்துறன். மெத்தெண்டு இருக்குது, உள்ள ஈரம். மற்றது போன கிழமை கிண்டினது. கழுத்து சுருங்கி, அமத்த சரசரக்குது. காயவைக்கிறதே இந்தக் கழுத்து மூடத்தான். மூடாட்டி பூஞ்சணத்துக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி.

[காட்சி: கொட்டில்.]

தாளை வெட்டாம, மண்ணை உதறி, நிழலில ஒரு அடுக்காப் பரப்புங்கோ. கழுவவே கூடாது. எங்கட உச்சி வெயிலில கிடந்தா தோல் வெந்து போகும். 10 தொடக்கம் 14 நாள் செல்லும். பங்குனி, சித்திரையில பின்னேரம் திடீரெண்டு இடிமழை கொட்டும், முற்றத்தில விட்டிட்டு டவுனுக்குப் போயிடாதேங்கோ.

காய்ஞ்ச பிறகு தாளைச் சேர்த்துப் பிடி பிடியாப் பனை நாரால கட்டி, கொட்டில் வளையில தூக்குங்கோ. தாள் உதிர்ந்தா வலைப் பைக்குள்ள போடலாம். நான் ஒருக்கா பசளைப் பையில கட்டி மூலையில வைச்சன். மூண்டு கிழமையில மணம் வந்துது. திறந்தா கரி பூசின மாதிரிக் கறுப்புப் பூஞ்சணம், அரைவாசி குப்பைக்குத்தான்.

பிரிட்ஜ் நல்லதோ எண்டு கேப்பினம். வெங்காயம் கெதியா முளைக்கிறது 10, 20 பாகைக்கு இடையில. 25, 30 பாகைச் சூட்டில அது பாட்டுக்கு நித்திரை கொள்ளும். பிரிட்ஜ் அந்த 10 பாகையை விடக் குளிர்தான், ஆனா உள்ள ஈரம் கூட. எங்கட கொட்டிலே காணும், காத்து மட்டும் ஓடோணும்.

[காட்சி: சுளகில ஒதுக்கின வெங்காயம்.]

கழுத்து மொத்தினது, பூத்தண்டு வந்தது, மண்வெட்டி பட்டது, இதுகளைத் தூக்காதேங்கோ. நல்ல பிடிக்குள்ள ஒண்டு அழுகினாலும் பக்கத்தில இருக்கிறதுக்கும் பரவும். இவை இண்டைக்கே சம்பலுக்கு.