மூன்று முறை தோற்றதும் அதே லூலாதான்

நடுவர் அவர்களே, எதிரணியில் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'அதிபர் வேட்பாளரை எடைபோட உதவுவது அவர் வந்த பாதையா, முன்வைக்கும் கொள்கையா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா, பாதைதான் என்று சொல்வதற்கு பிரேசில் அதிபர் லூலாவை அழைத்து வந்தார்கள். 1952-இல் பெர்னம்புகோ மாநிலத்தின் வறண்ட பூமியிலிருந்து தாயோடு லாரியில் ஏறி, 13 நாள் பயணம் செய்து தெற்கே வந்த சிறுவன். தெருவில் ஷூ பாலிஷ் போட்டவன். பட்டறை வேலையில் இடது கைச் சுண்டுவிரலைப் பறிகொடுத்தவன். பிறகு தொழிற்சங்கத் தலைவராகி, 1980-இல் ராணுவ ஆட்சியில் 31 நாள் சிறையில் இருந்தவர். "இப்படி ஒரு வாழ்க்கையைப் பார்த்த பிறகு கொள்கை அறிக்கையை எவன் புரட்டுவான்?" என்று கேட்டுவிட்டு அம்மா உட்கார்ந்தார்கள். நடுவரே மூக்கை உறிஞ்சினார். நானும் பார்த்தேன்.

அம்மா, எல்லாவற்றையும் சொன்னீர்கள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். அந்த லூலா 1989-இல் தோற்றார். 1994-இல் தோற்றார். 1998-இலும் தோற்றார். நான்காவது முறை, 2002-இல்தான் ஜெயித்தார். நான்கு தேர்தலிலும் அவருக்கு அதே அம்மா, அதே லாரி, அதே ஒன்பது விரல். வந்த பாதை ஓர் அங்குலம்கூட மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

1989-ஐ எடுத்துக்கொள்வோம். 1960-க்குப் பிறகு பிரேசில் மக்கள் நேரடியாக வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் அது. வெளிநாட்டுக் கடனுக்குப் பணம் கட்டுவதை நிறுத்த வேண்டும், நிலச் சீர்திருத்தம் வேண்டும் என்று நின்றார் லூலா. அவர் ஜெயித்தால் 8 லட்சம் முதலாளிகள் நாட்டை விட்டே போய்விடுவார்கள் என்றார் சாவோ பாவ்லோ தொழிலதிபர்கள் கூட்டமைப்பின் தலைவர். எதிரே நின்றவர் பெர்னாண்டோ காலர். அரசியல் குடும்பம், சொந்தமாகத் தொலைக்காட்சி நிலையம் வைத்திருந்த குடும்பம். இரண்டாம் சுற்றில் காலருக்கு 53 சதவீதம், லூலாவுக்கு 47. பாதையைப் பார்த்துத்தான் ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்றால், பட்டறைத் தொழிலாளியை விட்டுவிட்டுப் பணக்கார வீட்டுப் பிள்ளையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? (ஊழலை ஒழிக்க வந்தவன் என்று சொல்லிக்கொண்ட காலர், ஊழல் புகாரிலேயே 1992-இல் பதவி விலகினார். அது தனிப் பட்டிமன்றம்.)

கொள்கைதான் என்ற என் வாதத்தின் உயிர்நாடி 1994. அந்த வருடம் மே மாதக் கருத்துக்கணிப்பில் லூலா வெகுதூரம் முன்னால் இருந்தார். விலைவாசி மாதத்துக்கு 40 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது, வருடத்துக்கு அல்ல, மாதத்துக்கு! சம்பளம் வந்த அன்றே அரிசியும் எண்ணெயும் வாங்கிவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் அதே பணத்துக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். கடையில் பழைய விலைச்சீட்டின் மேல் புதிய சீட்டை ஒட்டிக்கொண்டே வருவார்கள். சீட்டு ஒட்டுபவர் வருவதற்குள் டின்னை எடுத்துவிட வேண்டும் என்று பெண்கள் ஓடியிருக்கிறார்கள்.

எதிரே நின்றவர், அந்த மார்ச் வரை நிதியமைச்சராக இருந்த பெர்னாண்டோ என்ரிக்கே கார்டோசோ. ராணுவ அதிகாரிகள் குடும்பத்தில் பிறந்த சமூகவியல் பேராசிரியர். அவருடைய குழு ஒரு வேலை செய்தது. மார்ச் மாதம் முதல் சம்பளத்தையும் விலையையும் ஒரு கற்பனைக் கணக்கு அலகில் குறிக்க வைத்தார்கள். அதற்கு நோட்டும் கிடையாது, காசும் கிடையாது. பால் விலை அந்த அலகில் அப்படியே நிற்கும். அன்றைக்கு ஓர் அலகுக்கு எத்தனை பழைய நோட்டு என்பது மட்டும் தினமும் மாறும். ஜனங்கள் நான்கு மாதம் அதில் பழகினார்கள். ஜூலை 1 அன்று அந்த அலகையே ரெயால் என்ற நாணயமாக்கி, ஒரு ரெயாலுக்கு 2,750 பழைய பணம் என்று மாற்றிக் கொடுத்தார்கள். விலைவாசி மடமடவென்று இறங்கியது. லூலாவின் கட்சியோ அதைத் தேர்தல் தந்திரம் என்று எதிர்த்தது. அக்டோபரில் கார்டோசோ முதல் சுற்றிலேயே 54 சதவீதம் வாங்கி ஜெயித்தார். லூலாவுக்கு 27.

நடுவர் அவர்களே, மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் நடுவில் லூலாவின் பிள்ளைப் பருவம் மாறிவிட்டதா? பேராசிரியர் பட்டறைக்குப் போய் விரலை வெட்டிக்கொண்டாரா? சந்தையில் தக்காளி விலை நின்றது, ஓட்டு நகர்ந்தது. அவ்வளவுதான்.

1998-லும் ஏறக்குறைய இதே கதை, அதை விட்டுவிடுகிறேன். 2002-க்கு வருவோம். லூலா வந்துவிடுவார் என்ற பயத்தில் ரெயால் சரியத் தொடங்கி, பின்னால் டாலருக்கு நான்கு என்ற அளவையும் நெருங்கியது. ஜூன் மாதம் அவர் பிரேசில் மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒப்பந்தங்களை மதிப்போம், கடன் எகிறாமல் இருக்கத் தேவையான அளவுக்கு அரசுக் கணக்கில் உபரி வைப்போம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். துணை அதிபர் வேட்பாளராக ஜோஸே அலென்கார் என்ற ஜவுளி ஆலை முதலாளியை நிறுத்தினார். எந்த முதலாளிகள் ஓடிவிடுவார்கள் என்று ஒருகாலத்தில் பயமுறுத்தினார்களோ, அந்த வர்க்கத்திலிருந்தே ஓர் ஆள் மேடையில் பக்கத்து நாற்காலியில்! முடிவு 61 சதவீதம்.

"அதெல்லாம் ஓட்டுக்காகப் போட்ட வேஷம்" என்று எதிரணித் தம்பி இப்போது முணுமுணுக்கிறார், காதில் விழுகிறது. வேஷம் என்றால் ஜெயித்த மறுநாள் கலைந்திருக்க வேண்டும் தம்பி. உபரி இலக்கை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.75 சதவீதத்திலிருந்து 4.25-ஆக அவரே உயர்த்தினார், சொந்தக் கட்சிக்காரர்கள் திட்டத் திட்ட.

சரி, அம்மாவின் பெரிய அஸ்திரத்துக்கு வருகிறேன். "பசித்தவனுக்குத்தான் பசி தெரியும், அதனால்தான் ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் கொடுத்தார்" என்றார்கள். பசி தெரிந்தது, மறுக்கவில்லை. அந்தப் பசியின் நினைவில் 2003 தொடக்கத்தில் அறிவித்த திட்டம் 'பசி ஒழிப்பு'. நல்ல மனசு, ஆனால் வண்டி நகரவில்லை. அந்த அக்டோபரில் சிதறிக்கிடந்த உதவித் திட்டங்களை ஒன்றாக்கி, போல்சா ஃபமிலியா என்று கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் தாய் பெயரில் ஓர் அட்டை. பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 2006-க்குள் ஒரு கோடியே பத்து லட்சம் குடும்பங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. இதன் விதை எங்கே விழுந்தது? 1995-இல் பிரசிலியாவில் ஆளுநராக இருந்த, பல்கலைக்கழகத்தை நடத்திய ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம். 2001-இல் அதை நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்றவர் அதே கார்டோசோ. அந்த இருவரும் 13 நாள் லாரிப் பயணம் போனவர்கள் அல்லர்.

மாப்பிள்ளை பார்க்கும்போது குடும்பத்தை விசாரிக்க மாட்டோமா என்றும் கேட்டார்கள். விசாரிப்போம் அம்மா. விசாரித்த பிறகு, "தம்பி, என்ன பண்ணுறதா உத்தேசம்?" என்று கேட்காமல் எந்தத் தகப்பன் தட்டு மாற்றியிருக்கிறான்?

கொஞ்சம் வடக்கே போகலாம். 1932, அமெரிக்கா, வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு நடுவே அதிபர் தேர்தல். ஒரு பக்கம் பதவியில் இருந்த அதிபர் ஹெர்பர்ட் ஹூவர். அயோவாவில் கொல்லர் மகன், பத்து வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர், படித்துச் சுரங்கப் பொறியாளராகித் தானாக முன்னுக்கு வந்தவர். எதிரணியின் தராசில் வைத்தால் தங்கம். இன்னொரு பக்கம் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். பெரிய பண்ணை வீட்டில் பிறந்து, ஆசிரியர்களை வீட்டுக்கே வரவழைத்துப் படித்தவர். வேலையிழந்தவருக்கு மத்திய அரசு நேரடியாகக் காசு கொடுக்கக் கூடாது என்று நின்றவர் அநாதையாக வளர்ந்த ஹூவர். 1935-இல் முதியோர் ஓய்வூதியத்துக்கும் வேலையில்லாக் காப்பீட்டுக்கும் சட்டம் கொண்டுவந்தவர் பண்ணை வீட்டுப் பிள்ளை. அந்தக் காப்பீடுகள் அவர் கட்சியின் 1932 தேர்தல் அறிக்கையிலேயே இருந்தன, மாநிலச் சட்டங்கள் மூலமாக என்று. படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"அதே ரூஸ்வெல்ட் பிட்ஸ்பர்க் கூட்டத்தில் அரசுச் செலவை 25 சதவீதம் குறைப்பேன் என்றாரே, குறைத்தாரா?" என்று கேட்பீர்கள். குறைக்கவில்லை. 1936-இல் மறுபடியும் பிட்ஸ்பர்க்கில் பேச வேண்டி வந்தபோது, பழைய பேச்சுக்கு என்ன சமாதானம் சொல்வது என்று தன் உரை எழுதும் ரோசன்மேனைக் கேட்டாராம். "நீங்கள் பிட்ஸ்பர்க்குக்கு வந்ததே இல்லை என்று சாதித்துவிடுங்கள்" என்றாராம் அவர். சிரிக்கிறீர்கள். நாட்டின் அதிபர் ஏன் அப்படி முழிக்க வேண்டியிருந்தது? சொன்னது பதிவில் இருக்கிறது, எவனாவது எடுத்து நீட்டிக் கேட்பான் என்பதால். கொல்லர் மகன் என்பதை நீட்டி ஹூவரிடம் எதைக் கேட்க முடியும், எப்படிக் கேட்க முடியும்?

மணி அடித்துவிட்டது. எதிரணியில் அடுத்து வருபவர் லூலாவை மட்டும் தொட்டுவிட்டு ஓடாமல், ஹூவரையும் ஒரு நிமிடம் பேசிவிட்டுப் போகும்படி நடுவர் அவர்கள் உத்தரவிட வேண்டும். நன்றி, வணக்கம்.