காப்பி போடுவதும் கோப்பை பார்ப்பதும்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். துருக்கிப் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஹாகியா சோபியா, நீல மசூதி, பாஸ்பரஸ் படகுச் சவாரி எல்லாம் போய்வந்தவர்கள் நிறையவே சொல்லிவிட்டார்கள். நான் இன்று ஒன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் கடிக்கோய் என்று ஒரு பகுதி. அங்கே நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் காப்பி போடக் கற்றுக்கொண்டேன். குடித்து முடித்த கோப்பையைக் கவிழ்த்து, அதில் குறி பார்க்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டும் ஒரே வேலையின் முன்பாதியும் பின்பாதியும்தான். காப்பி சரியாக வராவிட்டால் கோப்பையில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அந்த அம்மாவைத் 'தெய்ஸே' என்று கூப்பிட்டேன். அம்மா வயதுப் பெண்களை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் 'சித்தி', 'பெரியம்மா' என்பதற்குப் பக்கத்தில் வரும். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாடு முடிந்து சற்று நேரமானதும் பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் வந்துவிடுவார்கள். நானும் பெண் என்பதால் சமையலறை வரை தாராளமாக அனுமதி கிடைத்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

காப்பி துருக்கியின் சொந்த விளைச்சல் அல்ல. ஏமனிலிருந்து வந்தது. இரவு வழிபாட்டில் தூங்காமலிருக்க அங்கே சூஃபிகள் குடித்தார்கள். ஏமன் உஸ்மானியத் துருக்கியர் ஆட்சிக்குள் வந்ததும் அவர்கள் தலைநகரான இஸ்தான்புல்லுக்கும் காப்பி வந்து சேர்ந்தது. 1554, 1555 வாக்கில் அலெப்போவிலிருந்து ஹகெம் என்பவரும் டமாஸ்கஸிலிருந்து ஷெம்ஸ் என்பவரும் வந்து, தஹ்தகலே பகுதியில் காப்பிக் கடைகள் திறந்ததாக வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதிவைத்திருக்கிறார். படித்தவர்கள், கவிஞர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள் எல்லோரும் அங்கே கூடினார்கள். நாலு பேர் கூடினால் ஆட்சியைப் பற்றிப் பேச்சு வரத்தானே செய்யும்? 1633இல் சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடவைத்தார். தடை நிலைக்கவில்லை. இதே ஏமனிலிருந்துதான் பாபா புடான் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் போட்டார் என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கும்பகோணம் டிகிரி காப்பியும் இஸ்தான்புல் காப்பியும் பங்காளிகள்.

அந்தக் காப்பிக் கடைகள் ஆண்களுக்கானவை. பெண்கள் வீட்டிலும் ஹமாம் என்கிற பொதுக் குளியலறைகளிலும் குடித்தார்கள். வெளியே உட்கார்ந்து பேச இடம் கிடைக்காதவர்கள், வீட்டுக்குள் தங்களுக்கென்று ஒரு பேச்சிடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். கோப்பை பார்ப்பது இந்தப் பெண்களின் கூடத்தில் வளர்ந்த கலை. இன்றைக்கும் நல்ல கோப்பை பார்ப்பவர் யார் என்று கேட்டால் யாரோ ஒரு பாட்டியைத்தான் கைகாட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். துருக்கியில் நாள் முழுக்கக் குடிப்பது தேநீர்தான். முதல் உலகப் போரில் ஏமன் கைவிட்டுப் போய், காப்பி விலை கொடுத்து இறக்குமதி செய்யும் பண்டமாகிவிட்டது. குடியரசு அரசாங்கம் கருங்கடல் ஓரம் ரிஸே பக்கத்தில் தேயிலை பயிரிட ஊக்கம் கொடுத்தது. ஆக, தேநீர் வேலைக்கு நடுவே குடிப்பது. காப்பி வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து குடிப்பது.

சரி, அடுப்படிக்குப் போவோம்.

தூளில் தொடங்குகிறது விஷயம். இஸ்தான்புல்லின் எமினோனு பகுதியில் மசாலாச் சந்தையை ஒட்டி தஹ்மிஸ் தெரு இருக்கிறது. அங்கே குருகாஹ்வெஜி மெஹ்மெத் எஃபெந்தி கடை 1871லிருந்து நடக்கிறது. வீட்டில் வறுத்து இடித்துக்கொள்வதுதான் வழக்கம் என்றிருந்த காலத்தில், வறுத்து அரைத்துத் தயாராக விற்று ஊரையே மாற்றிய கடை. வரிசை தெருவரை நிற்கும்; வாசனையே வழி சொல்லும். அங்கே வாங்கிய தூளை விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறப்பே இல்லை, கைரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தனை நைஸாக அரைத்தே ஆகவேண்டும். இங்கே ஃபில்டரும் கிடையாது, வடிகட்டியும் கிடையாது. தூள் காப்பியோடு கோப்பைக்குள் போகிறது. அடியில் வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலுக்குப் பெயர் 'தெல்வே'. குறி பார்ப்பதெல்லாம் அதில்தான். நம் ஃபில்டர் தூளைப் போட்டால் கொரகொரப்பாக அடியில் தங்கும், கோப்பைச் சுவரில் ஒட்டாது.

பாத்திரம் 'ஜெஸ்வே'. நீளக் கைப்பிடி வைத்த சின்னச் செம்புப் பாத்திரம். உள்ளே ஈயம் பூசியிருக்கும். அடி அகன்று கழுத்து குறுகியிருக்கும். நுரை சிதறாமல் சேர்ந்து எழுவது இந்தக் குறுகலால்தான். பரிமாறும் குட்டிக் கோப்பை 'ஃபின்ஜான்'. அளவுக்கும் அதுவே படி. எத்தனை பேரோ அத்தனை ஃபின்ஜான் பச்சைத் தண்ணீர். ஆளுக்கு இரண்டு தேக்கரண்டித் தூள், ஏறக்குறைய ஏழு கிராம். சர்க்கரையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் தண்ணீரிலேயே கரையவேண்டும் என்பதால். 'ஸாதே' என்றால் சர்க்கரை இல்லாமல், நம் 'சாதா'தான். 'அஸ் ஷெகெர்லி' என்றால் கொஞ்சம், 'ஓர்தா' நடுத்தரம், 'ஷெகெர்லி' இனிப்பாக. துருக்கியில் கடைக்குப் போனால் இந்த நாலு சொல் போதும்.

எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலக்கிக்கொள்ள வேண்டும். அடுப்பில் ஏற்றியபின் கரண்டி தொடக்கூடாது. தெய்ஸே கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்தபிறகுதான் தீயைப் பற்றவைத்தார். மெல்லிய தீ. முதலில் எதுவுமே நடக்காது. மேலே ஒரு கருப்பு ஏடு மட்டும் அசையாமல் கிடக்கும். அப்புறம் ஓரத்தில் ஊசிமுனைக் குமிழிகள் கட்டும். ஓரம் வெளுத்து, தடித்து, ஒரு வளையமாகி உள்நோக்கி நகரும். நடுவில் ஒரு கரும்புள்ளி மிச்சமிருக்கும். அந்தப் புள்ளி மூடிக்கொள்ளப் போகிற நொடியில் பாத்திரத்தைத் தூக்கிவிட வேண்டும். மூடி, பொங்கி, கொதித்துவிட்டால் நுரை செத்துப்போகும். தூக்கியதும் நுரையைக் கரண்டியால் எடுத்துக் கோப்பைக்குக் கொஞ்சமாகப் பங்கிடவேண்டும். பாத்திரம் மறுபடி அடுப்புக்குப் போய், இன்னொரு தடவை எழும்பியதும், கோப்பையின் ஓரமாக மெதுவாக ஊற்றவேண்டும். நுரையில்லாத காப்பியை விருந்தாளிக்குக் கொடுப்பது அங்கே மரியாதைக் குறைவு. அதனால்தான் பங்கிடுவதில் அத்தனை கவனம். யாருக்கும் குறையக்கூடாது.

சூடான மணலில் ஜெஸ்வேயைப் புதைத்துக் காப்பி போடுவதை நீங்கள் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு அழகுதான். மணலில் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பதும் உண்மை. கனலில் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் வீட்டுக் காஸ் அடுப்பிலேயே குறையில்லாத காப்பி வருகிறது. அதற்கு வேண்டியது அந்த நாலைந்து நிமிஷம் வேறெங்கும் பார்க்காமல் நிற்பது.

காப்பியோடு ஒரு கிளாஸ் தண்ணீர் வரும், லோகும் என்கிற மிட்டாய்த் துண்டு வரும். தண்ணீர் முதலில். வாயைச் சுத்தம் செய்துகொண்டுதான் காப்பி. பெண் கேட்டு வரும்போதும் மணப்பெண்தான் காப்பி கொண்டுவருவாள். (இதோ முன்வரிசையில் ஓர் அம்மா தலையாட்டுகிறார்.) அங்கே கூடுதலாக ஒரு வழக்கம், மாப்பிள்ளை கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு. முகம் சுளிக்காமல் அவர் குடித்து முடிக்கவேண்டும். 2013இல் யுனெஸ்கோ துருக்கிக் காப்பிப் பண்பாட்டையும் மரபையும் மானுடத்தின் வாழும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காப்பியைச் சுற்றியிருக்கிற இந்த உபசாரத்துக்கும் சேர்த்துக் கிடைத்த இடம் அது.

இப்போது கோப்பை.

முழுதும் குடித்துவிடக்கூடாது. உதட்டில் கெட்டியாகத் தட்டுப்படும்போது நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் தெல்வே வழியும். தட்டைக் கோப்பையின் மேல் மூடியாக வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து நெஞ்சுக்கு நேரே மெல்லச் சுழற்றவேண்டும். அப்போது ஒரு வாசகம் சொல்வார்கள்: 'நெய்ஸே ஹாலிம், சிக்ஸின் ஃபாலிம்'. என் நிலைமை எதுவோ அது குறியில் வெளிப்படட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டுச் சட்டென்று கவிழ்த்து வைக்கவேண்டும். மேலே ஒரு மோதிரமோ காசோ வைப்பார்கள், சீக்கிரம் ஆறட்டும் என்று. ஆறும்வரை யாரும் கோப்பையைத் தொடமாட்டார்கள். பேச்சு மட்டும் நடக்கும். ஆறியபின் தூக்கும்போது தட்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றால் பிடுங்கக்கூடாது. அதற்கு 'நபியின் குறி' என்று பெயர். நினைத்தது நடக்கும் என்று அப்படியே விட்டுவிடுவார்கள்.

வெள்ளைப் பீங்கானில் வண்டல் வழிந்த தடங்கள் தெரியும். கைப்பிடிப் பக்கம் வீடு. விளிம்பருகே இருப்பவை கிட்டத்தில் வரப்போகிறவை. நீளமான வெள்ளைத் தடம் வழி, பயணம். பறவை என்றால் செய்தி, மீன் என்றால் வரவு, பாம்பு என்றால் பகை. காலம் சொல்ல ஒரே சொற்றொடர்: 'ஊச் வக்தே கதார்', மூன்று வேளைக்குள். மூன்று நாளா, வாரமா, மாதமா? கேட்கக்கூடாது.

ஒரு மதியம் அடுத்த வீட்டுப் பெண்மணியின் கோப்பையை தெய்ஸே எடுத்தார். அந்தப் பெண்மணியின் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். கோப்பையின் அடியில் வண்டல் குவிந்து மேடு கட்டியிருந்தது. தெய்ஸே அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உள்ளே பொங்கிப்போய்க் கிடக்கிறதே உனக்கு" என்றார். அடியில் அப்படிக் குவிந்திருந்தால் அப்படிச் சொல்வது அங்கே வழக்கம்தான். அந்தப் பெண்மணி பதில் சொல்லவில்லை. தெய்ஸே கோப்பையைத் திருப்பி ஒரு தடத்தைக் காட்டினார். "இதோ ஒரு வழி போகிறது. பாதியில் அறுந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது." அவ்வளவுதான். அந்தப் பெண்மணி பேச ஆரம்பித்துவிட்டார். மகளோடு ஏதோ மனஸ்தாபம், போன் பேச்சு நின்றுபோயிருக்கிறது. அதுவரை அந்தக் கூடத்தில் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. எல்லாவற்றையும் கேட்டபிறகு தெய்ஸே தட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "செய்தி மூன்று வேளைக்குள் வரும். நீ கூப்பிட்டால் இன்னும் முன்னாடியே வரும்" என்றார்.

நான் கற்றுக்கொண்டது இதைத்தான். மகளோடு சண்டையா என்று நேராகக் கேட்டிருந்தால் அந்தப் பெண்மணி எழுந்து போயிருப்பார். நடுவில் ஒரு கோப்பை இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு பேச முடிந்தது. கோப்பைக்கு எதிர்காலம் தெரியும் என்று நான் நம்பவில்லை. தெய்ஸேவும் நம்பச் சொல்லவில்லை. 'குறியை நம்பாதே, குறி பார்க்காமலும் இராதே' என்று அங்கே ஒரு பழமொழியே இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவர் சொன்னது: ஒரு கண்ணால் கோப்பையைப் பார், இன்னொரு கண்ணால் ஆளைப் பார். சாவு, நோய் பற்றி வாயைத் திறக்கவே கூடாது. கெட்டதாக ஏதாவது தோன்றினால், ஒரு பாரம் இருக்கிறது, இறங்கிவிடும் என்று மட்டும் சொல். உன் கோப்பையை நீயே பார்க்காதே, அடுத்தவரிடம் கொடு.

எனக்குத் தெரிந்த துருக்கி மொழி கொஞ்சமே. நான் பார்க்கத் தொடங்கியபோது வழி, பறவை, வீடு, கண் என்று ஒற்றைச் சொற்களாகத்தான் சொல்ல முடிந்தது. விரலால் காட்டி, சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தைக் கோப்பைக்கு உரியவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள். எந்த வீடு, யார் போகிற வழி என்றெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்.

காசுக்குப் பார்ப்பது வேறு கதை. 1925இல் தர்காக்களையும் சூஃபி மடங்களையும் மூடிய சட்டம், குறி சொல்வதையும் சேர்த்தே தடைசெய்தது. அதனால் இஸ்தான்புல்லின் பெயோக்லு பகுதிக் கடைகளில் காப்பிக்குத்தான் விலை, குறி இலவசம் என்று சொல்லி நடத்துகிறார்கள். அங்கேயும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்களை முன்பின் தெரியாதவர், அடுத்த ஆள் காத்திருக்க, கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போவார். இப்போது செயலிகளும் வந்துவிட்டன. கோப்பையைப் படமெடுத்து அனுப்பினால் கொஞ்ச நேரத்தில் குறி எழுத்தாக வந்து சேரும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஒன்று. அதிலிருந்து அந்த ஆளையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? துருக்கிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தங்குகிற வீட்டில் பெரியவர்கள் இருந்தால், காப்பி போடக் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். குறி பார்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள். காப்பி போட்டுக் குடித்து முடித்தால், கோப்பையைக் கவிழ்க்கச் சொல்லி அவர்களே சொல்வார்கள்.

கேள்விகளை அப்புறம் வைத்துக்கொள்வோம். பின்னால் அடுப்பும் என் ஜெஸ்வேயும் இருக்கின்றன. ஒரு தடவைக்கு மூன்று பேருக்குத்தான் போட முடியும், அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் மூன்று பேர் யார் என்று கை தூக்குங்கள். சர்க்கரை எவ்வளவு என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.