பீடத்துக்கு முன்னால் இருவரும் சொன்னது

நேயர்களுக்கு வணக்கம்.

"முன்பெல்லாம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் விவாகரத்தே கிடையாது. பெண்ணியம் பேச ஆரம்பித்த பிறகுதான் இதெல்லாம்." அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம், கலியாணப் பந்தி, கல்லறைத் திருநாள் என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுக்கிறவள் என்பதால் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஏதோ பெண்ணியத்தை ஊருக்குள் கூட்டி வந்ததே நான்தான் என்பது போல!

சரி, முன்பு ஏன் இல்லை? கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டத்தைப் பாருங்கள். மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு என்று கணவன் நிரூபித்தால் போதும். மனைவிக்கு அது போதாது. அவனுக்குத் தொடர்பு இருப்பதையும் காட்ட வேண்டும், கூடவே கொடுமை செய்தான், இரண்டு வருடம் கைவிட்டுப் போனான் என்று இன்னொன்றையும் காட்ட வேண்டும். அடி மட்டும் வாங்கினவள் பிரிந்து வாழலாம், மணமுறிவு கேட்க முடியாது. கேட்டுக் கிடைத்தாலும், மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். இருவரும் மனமொத்துப் பிரியவோ வழியே இல்லை. நாடு முழுவதற்குமாக இதெல்லாம் மாறியது 2001இல்தான். கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவிட்டு, "பார், ஒருத்தியும் வெளியே போகவில்லை" என்று பெருமைப்படலாமா?

எங்கள் கோயிலில் சனிக்கிழமை சாயங்காலம் மாதாவிடம் வேண்டுகிற நவநாள் ஜெபம். பெட்டியில் விழும் விண்ணப்பச் சீட்டுகளைப் பிரித்து, வாசிப்பதற்கு அடுக்கிக் கொடுப்பது ரொம்ப நாளாக என் வேலை. பெயர் இருக்காது, இருந்தாலும் வாசிக்க மாட்டோம். நோட்டுத் தாள், காலண்டர் கிழிசல், மருந்துக்கடை பில்லின் பின்பக்கம், எல்லாவற்றிலும் எழுதியிருப்பார்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், பிரான்ஸ் விசா. புதுச்சேரி அல்லவா, விசா இல்லாமல் நவநாள் ஏது? ஆனால் எந்த வாரமும் தவறாமல் வருவது, "என் கணவர் குடியை விட வேண்டும்." தெருவுக்குத் தெரு ஒயின்ஷாப் இருக்கிற ஊரில் அது வராமல் இருக்குமா? சில சீட்டுகளில் அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "கை நீட்டாமல் இருக்க வேண்டும்."

ஒரு தடவை பென்சிலில் எழுதின சீட்டு ஒன்று வந்தது. "அவர் அடிக்கும்போது எனக்குக் கோபம் வராமல் இருக்க வரம் தாரும் அம்மா." அதை வாசிக்கிற சீட்டுகளோடு வைக்க எனக்கு மனம் வரவில்லை, ஃபாதரிடம் தனியாகக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறு ஞாயிறு பிரசங்கம் முழுக்க ஆண்களுக்குத்தான். கடைசியில் நின்றிருந்த சிலர் பாதியிலேயே நழுவி, வெளியே அவரவர் பைக்கில் சாய்ந்துகொண்டார்கள்!

"நான் என் மனைவியை அடிக்காமல் இருக்க வேண்டும்" என்று ஓர் ஆண் எழுதிய சீட்டை இன்று வரை நான் பார்த்ததில்லை. இன்னொரு தடவை சொல்கிறேன், பார்த்ததே இல்லை. குடும்பம் நிற்க வேண்டும் என்று எழுதிப் போடுகிற வேலையையும் பெண்ணிடமே விட்டுவிட்டோம். அப்புறம், குடும்பத்தை உடைக்கிறவள் என்று சொல்வதும் அவளைத்தான்.

பீடத்துக்கு முன்னால் என்ன வாக்குக் கொடுக்கிறோம்? இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாயிருந்து, வாழ்நாளெல்லாம் உன்னை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன் என்று. மாப்பிள்ளை சொல்வதும் இதே, பெண் சொல்வதும் இதே. பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் மணப்பெண் மட்டும் 'கீழ்ப்படிவேன்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. நம் கத்தோலிக்க வாக்குறுதியில் அது கிடையாது. வகுப்பில் இதைச் சொன்னால் உடனே ஒரு பையன் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுப்பான், மனைவி பணிந்திருக்க வேண்டும் என்று. அது 22ஆம் வசனம் தம்பி, 21ஐ வாசி என்பேன். ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்றுதான் அங்கே ஆரம்பம். 25க்கு வந்தால், கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கொடுத்தது போலக் கணவன் அன்பு செய்ய வேண்டும். உயிரையே கொடுக்கச் சொல்லியிருக்கிறது. இவன் மனைவியின் ஏடிஎம் கார்டையே அவள் கையில் கொடுக்க மாட்டான்.

எல்லாவற்றுக்கும் மதம்தான் காரணம் என்கிற பெண்ணியத் தோழிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பச்சையாக எழுதி வைத்தது 1804ஆம் வருடத்து நெப்போலியன் சட்டம். கோயிலை ஓரங்கட்டிவிட்டு, 'மேரி' என்கிற நகராட்சி அலுவலகத்தில் பதிந்தால்தான் கலியாணம் என்ற அதே பிரான்ஸ்தான்! அங்கே அந்த வரி போனது 1938இல். நம் ஊரில் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும்.

அடிபட்டு வருகிற பெண்ணிடம் "சிலுவை என்று நினைத்துப் பொறுத்துப் போம்மா" என்கிறோம். திருச்சபைச் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. துணையால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்து போக நியாயம் உண்டு என்கிறது 1153ஆம் பிரிவு. சில நேரம் பிரிவது தவிர்க்க முடியாதது, அறநெறிப்படி அவசியமும்கூட என்று 2016இல் போப் பிரான்சிஸ் குடும்பத்தைப் பற்றிய மடலில் எழுதினார். இதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள்?

நேரம் நெருங்கிவிட்டது. மகளுக்குச் சீர் கொடுத்துவிட்டு, சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும். திருமணம் செல்லாது என்று திருச்சபையின் மறைமாவட்ட நீதிமன்றம் சொன்ன காகிதத்தை மட்டும் நம்பி மறுமணம் செய்துவிடாதீர்கள். நாட்டுச் சட்டப்படி அது போதாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் கோர்ட் தீர்ப்பும் வேண்டும். அடிதடி என்றால் நவநாள் வரை காத்திருக்க வேண்டாம், பெண்கள் உதவி எண் 181. வணக்கம்.