சவரனும் ஒரு கணக்குப்பிள்ளை ராஜாவும்

வணக்கம் நேயர்களே.

காலையில் தங்கம் விலை சொல்லும்போது கிராமுக்கு இவ்வளவு, சவரனுக்கு இவ்வளவு என்கிறார்கள். அந்தச் சவரனிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்தச் சொல்லை எழுதியிருப்பேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு நேரம் கிடைத்தது.

ஆங்கிலத்தில் சாவரின் என்றால் முடிமன்னர். 1489ல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி ஒரு பெரிய தங்க நாணயம் அடிக்கச் சொன்னார். ஒரு பக்கம் கிரீடத்தோடு சிம்மாசனத்தில் அவரே உட்கார்ந்திருப்பார். மறுபக்கம் ரோஜாப்பூ, அதன் நடுவில் அரச கேடயம். மன்னர் உருவம் இருந்ததால் நாணயத்துக்கும் சாவரின் என்று பெயர். நம் வாயில் அது சவரன் ஆனது. நாம் எடை போடும் 8 கிராம் சவரன், 1817ல் திரும்ப அடித்த சிறிய நாணயத்தின் கணக்கு. ஹென்றியின் நாணயம் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம்.

அவ்வளவு கனமாக ஏன் அடித்தார்? நான்தான் ராஜா என்று ஊர் உலகத்துக்குச் சொல்ல வேண்டிய நிலைமை அவருக்கு. ஏனென்றால் பலர் அதை நம்பவில்லை.

ஹென்றி டியூடர் 1457ல் வேல்ஸில் பெம்ப்ரோக் கோட்டையில் பிறந்தார். பிறக்கும்போதே தகப்பனார் இல்லை. தாய் மார்கரெட் போஃபர்ட்டுக்கு அப்போது வயது 13. அரச வம்சத்தோடு உறவு உண்டு, ஆனால் சுற்றி வளைத்துச் சொன்னால்தான் புரியும் உறவு. 14 வயதில் உயிருக்குப் பயந்து கடல் தாண்டி பிரிட்டனி என்ற சிற்றரசுக்கு ஓடினார். அங்கே 13 வருடம், பாதி விருந்தாளி, பாதி கைதி. இங்கிலாந்து மன்னர்கள் அவரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1484ல் பேரம் படிந்துவிடும் போலிருந்தபோது வேஷம் மாற்றி பிரான்சுக்குத் தப்பினார். பிரான்ஸ் கப்பலும் ஆளும் கொடுத்தது. 1485 ஆகஸ்ட் 22, பாஸ்வொர்த் போரில் அப்போதைய மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் செத்தார். ஹென்றி ராஜா.

அந்த 14 வருட வெளிநாட்டு வாசத்தில் அவர் ஒன்றைப் படித்துக்கொண்டார். சிம்மாசனத்துக்கு உரிமை கோருகிற ஒருவனை அயல்நாடு தன் வீட்டில் வைத்திருந்தால், அது அந்த நாட்டின் கையில் இருக்கிற ஆயுதம். தனக்கு பிரான்ஸ் செய்ததை நாளைக்கு இன்னொருவனுக்கு இன்னொரு நாடு செய்யலாம். அடுத்த 24 வருடம் உள்ளூரிலும் வெளியூரிலும் அவர் செய்த காரியங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பயத்திலிருந்து வந்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதல் காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும், வங்கிக்காரனான எனக்கு அது உறுத்துகிறது. போர் நடந்தது 22ஆம் தேதி. ஹென்றி தன் ஆட்சி 21ஆம் தேதியே தொடங்கிவிட்டதாகக் கணக்கு வைத்தார். முன்தேதி! இதனால் ரிச்சர்ட் பக்கம் நின்று போரிட்டவர்கள் எல்லோரும் முடிமன்னரை எதிர்த்த ராஜத்துரோகிகள் ஆனார்கள். அவர்கள் சொத்து கஜானாவுக்கு. எங்கள் ஆபீசில் யாராவது இப்படி முன்தேதி போட்டிருந்தால் சஸ்பெண்டு ஆகியிருப்பார்கள்.

பயம் வீண் போகவில்லை. இரண்டே வருடத்தில் லாம்பர்ட் சிம்னெல் என்ற சின்னப் பையனைக் கொண்டுவந்து, இவன்தான் ரிச்சர்டின் அண்ணன் மகன் வாரிக் பிரபு, உண்மையான வாரிசு என்றார்கள். நிஜமான வாரிக், பாவம், லண்டன் கோபுரச் சிறையில் இருந்தான். ஆனாலும் 1487 மே மாதம் டப்ளினில் இந்தப் பையனுக்கு முடியே சூட்டிவிட்டார்கள். பர்கண்டியின் விதவைக் கோமாட்டி மார்கரெட், ரிச்சர்டின் யார்க் வம்சத்து இளவரசி, சுமார் 2,000 ஜெர்மானியக் கூலிப்படையை அனுப்பினார். ஜூன் 16ல் ஸ்டோக் என்ற இடத்தில் ஹென்றி ஜெயித்தார். பையனைக் கொல்லவில்லை. அரண்மனைச் சமையலறையில் இறைச்சிக் கம்பி சுற்றும் வேலைக்குப் போட்டார். பிற்பாடு வல்லூறு வளர்ப்பவனாகவும் ஆனான்.

அடுத்து வந்தவன் சமையலறைக்கு அடங்குகிற ஆள் இல்லை. பெர்க்கின் வார்பெக், டூர்னே நகரத்துக்காரன், பட்டு வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தவன். 1491ல் அயர்லாந்தில் கார்க் துறைமுகத்தில் இறங்கினான். கோபுரச் சிறையில் காணாமல் போன, ரிச்சர்டின் அண்ணன் நான்காம் எட்வர்டின் இரண்டு பிள்ளைகளில் இளையவர் நான்தான் என்று கிளம்பினான். ஆறு வருடம் ஐரோப்பாவின் அரண்மனைகளில் கைமாறினான் இவன். ஏழாம் ஹென்றியின் வெளியுறவுக் கொள்கையைப் புரிந்துகொள்ள வார்பெக் போன வழியே போனால் போதும்.

முதலில் பிரான்ஸ் அரசவை அவனை வரவேற்றது. ஹென்றி 1492 அக்டோபரில் பெரும் படையோடு கலே வந்து இறங்கி பூலோன் நகரை முற்றுகை போட்டார். குளிர்காலம் வரப்போகிற நேரத்தில் யாராவது போருக்குப் போவார்களா? அவருக்குப் போர் வேண்டாம், பேரம்தான் வேண்டும். பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸுக்கோ இத்தாலி மேல் கண். ஒரு மாதத்துக்குள் எட்டாப்பிள் உடன்படிக்கை. பிரான்ஸ் 7,45,000 கிரௌன் தர வேண்டும், ஆண்டுக்கு 50,000 தவணையில். கிளர்ச்சிக்காரர்களுக்கு இடம் தரக்கூடாது. போருக்கென்று தன் மக்களிடம் வரி வாங்கினார், போரை நிறுத்துவதற்கென்று எதிரியிடம் பணம் வாங்கினார். இரண்டு பக்கமும் வரவு!

வார்பெக் பர்கண்டிக்கு நகர்ந்தான். மார்கரெட் அவனைத் தன் அண்ணன் மகன் என்றே ஏற்றுக்கொண்டார். இப்போது ஹென்றி என்ன செய்தார் தெரியுமா? 1493ல், பர்கண்டி அரச குடும்பம் ஆண்ட நெதர்லாந்தோடு வியாபாரத்தையே நிறுத்தினார். இங்கிலாந்தின் பிழைப்பு கம்பளித் துணி, அது விற்கிற பெரிய சந்தை ஆண்ட்வெர்ப். தன் கடையைத் தானே மூடிக்கொண்டது மாதிரி. லண்டனில் வேலையில்லாத ஆட்கள் ஜெர்மானிய வணிகர்களின் கிடங்கைத் தாக்கினார்கள். சுங்க வருமானத்தைப் பைசா பைசாவாக எண்ணுகிற மனிதர் அந்த வருமானத்தை விட்டுக்கொடுத்தார் என்றால், அவருக்குப் பணத்தைவிடப் பயம் பெரிது. 1496ல் சமரசம். பெரிய வணிக உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். அதிலும் கிளர்ச்சிக்காரர்களுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்ற ஷரத்து இருந்தது. மார்கரெட் மீறினால் அவருடைய ஜீவனாம்ச நிலங்கள் போய்விடும்.

அப்புறம் ஸ்காட்லாந்து. நான்காம் ஜேம்ஸ் வார்பெக்குக்குத் தன் உறவுக்காரப் பெண்ணையே கட்டிக்கொடுத்து எல்லையில் படையெடுத்தார். அதற்கு ஹென்றி வரி போட, கார்ன்வால் மக்கள் பொங்கினார்கள். நாட்டின் ஒரு மூலையில் இருக்கிற நாங்கள் மறுமூலைச் சண்டைக்கு ஏன் அழ வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஒரு கொல்லரும் ஒரு வழக்கறிஞரும் தலைமை தாங்க, சுமார் 15,000 பேர் நடந்தே லண்டன் வாசல்வரை வந்துவிட்டார்கள். 1497 ஜூன் 17, பிளாக்ஹீத்தில் நசுக்கப்பட்டார்கள். ஹென்றி உடனே ஸ்காட்லாந்தோடு சமாதானம் பேசினார். ஆறு வருடத்தில் தன் மகள் மார்கரெட்டை அதே நான்காம் ஜேம்ஸுக்குக் கட்டிவைத்தார். சரியாக 100 வருடம் கழித்து, 1603ல், அந்தத் திருமணத்தின் வாரிசு இங்கிலாந்து சிம்மாசனத்தில் முதலாம் ஜேம்ஸாக உட்கார்ந்தார். ஜஹாங்கீரின் அரசவைக்குத் தாமஸ் ரோவைத் தூது அனுப்பியது அந்த ஜேம்ஸ்தான்.

வார்பெக் 1497ல் பிடிபட்டான். 1499 நவம்பரில் தூக்கு. அதே வாரம் கோபுரத்தில் அடைபட்டிருந்த நிஜ வாரிக்கின் தலையும் போனது. சிறுவயது முதல் சிறைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை. ஸ்பெயினுக்கு அப்போது ஹென்றியின் மூத்த மகன் ஆர்தரோடு கல்யாணச் சம்பந்தம் பேசி முடித்திருந்தது, 1489லேயே, மாப்பிள்ளைக்கு 2 வயது, பெண்ணுக்கு 3 வயது இருக்கும்போது. ஆபத்தான நாட்டுக்குப் பெண் அனுப்ப அவர்களுக்குத் தயக்கம். இந்த இரண்டு சாவுக்குப் பிறகு, சந்தேகத்துக்குரிய அரச ரத்தம் ஒரு சொட்டுகூட இங்கே மிச்சமில்லை என்ற கருத்தில் ஸ்பெயின் தூதர் ஊருக்கு எழுதினார். 1501 நவம்பரில் இளவரசி கேத்தரின் மணமகளாக நின்றார். ஐந்து மாதத்தில் ஆர்தர் இறந்துபோனார். சீதனத்தில் பாதிதான் வந்திருந்தது. மீதிக்காக இரண்டு சம்பந்திகளும் வருடக்கணக்கில் இழுபறி செய்ய, அந்தப் பெண் நடுவில் கைச்செலவுக்குக்கூடத் திண்டாடினாள்.

இது வெளியூர். உள்ளூரில் அவர் எப்படி ஆண்டார் என்பதுதான் என்னை இழுத்த விஷயம்.

1498ல் ஒரு ஸ்பானியத் தூதர் எழுதியிருக்கிறார், மன்னர் பொதுவில் இல்லாத நேரத்தில், ஆலோசனை சபையிலும் இல்லாத நேரத்தில், தன் செலவுக் கணக்கைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டிருப்பார் என்று. அரசாங்க வருமானத்தைப் பழைய கருவூலத்திலிருந்து எடுத்துத் தன் அந்தரங்க அறைக்கே கொண்டுவந்தார். அந்தக் கணக்குப் பேரேடுகளில் அவர் போட்ட சிறுகையெழுத்தை இன்றும் பார்க்கலாம். அவற்றில் சீட்டாட்டத்தில் தோற்ற பணமும் இருக்கிறது, 1497ல் கடல் கடந்து புது நிலம் கண்டு வந்த ஜான் கேபட்டுக்குக் கொடுத்த 10 பவுண்டும் இருக்கிறது. ஒரு கண்டத்தின் கரைக்கு 10 பவுண்டு. பிறகு ஆண்டுக்கு 20 பவுண்டு பென்ஷனும் போட்டுக் கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரபுக்களை அவர் கட்டிப்போட்டது பிணைப்பத்திரத்தால். நம் ஊரில் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குகிறார்களே, அது மாதிரிதான். நான் ஒழுங்காக இருப்பேன், இல்லாவிட்டால் மன்னருக்கு இத்தனை ஆயிரம் பவுண்டு கடன்பட்டவன் என்று பிரபு எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய சொந்தக்காரர்கள் ஜாமீன் நிற்க வேண்டும். ஒருவர் வாலாட்டினால் பத்துக் குடும்பம் திவால். பெரிய பிரபுக் குடும்பங்களில் பெரும்பான்மை ஏதோ ஒரு சமயத்தில் இந்த வலைக்குள் இருந்தன.

ஒரு கணக்கைக் கேளுங்கள். 1507ல் பர்கவெனி பிரபு சட்டத்துக்கு மாறாக அடியாட்கள் வைத்திருந்ததாகத் தீர்ப்பு. 471 ஆட்கள், 30 மாதம், ஆளுக்கு மாதம் 5 பவுண்டு அபராதம். பெருக்கிப் பாருங்கள், 70,650 பவுண்டு. மன்னரின் ஒரு வருட வருமானமே ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்டுதான். யாராலும் கட்ட முடியாது. கட்ட வேண்டும் என்று மன்னரும் எதிர்பார்க்கவில்லை. 5,000 பவுண்டாகக் குறைத்துப் பத்து வருடத் தவணை போட்டார். கடைசிவரை அடைபடாத கடனால் ஒரு மனிதனை எப்படி நடத்த முடியும் என்பது எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

நாடாளுமன்றம் 24 வருடத்தில் ஏழு தடவை கூடியது, கடைசிப் பன்னிரண்டு வருடத்தில் ஒரே தடவை. வரி கேட்டால்தானே கூட்ட வேண்டும்! வசூலை ரிச்சர்ட் எம்ப்சன், எட்மண்ட் டட்லி என்ற இரண்டு வழக்கறிஞர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு குரங்குக் கதை உண்டு. ஒரு நூற்றாண்டு கழித்து இந்த மன்னரின் வரலாற்றை எழுதிய பிரான்சிஸ் பேக்கன் சொல்வது. யாருக்குப் பரிசு, யார் மேல் கண் வைக்க வேண்டும் என்று மன்னர் தன் கைப்பட ஒரு குறிப்பேடு வைத்திருந்தாராம். அவர் வளர்த்த குரங்கு ஒருநாள் அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டது. அரண்மனையில் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரே குஷி. நடந்ததோ இல்லையோ, அந்தக் குஷி நிஜமாகத்தான் இருக்கும்.

1506 ஜனவரியில் புயலில் சிக்கி, பர்கண்டியின் பிலிப் இங்கிலாந்தில் கரை ஒதுங்கினார். ஹென்றி அவரை மாதக்கணக்கில் அன்பாக உபசரித்தார். விருந்து முடிந்தபோது, பிலிப்பின் நாட்டில் அடைக்கலம் புகுந்திருந்த யார்க் உரிமைக்காரர் எட்மண்ட் டி லா போலைக் கைமேல் வாங்கிக்கொண்டார். கூடவே வணிக உடன்படிக்கையும் எழுதி வாங்கினார். அது ஒருதலைப்பட்சமாக இருந்ததால் நெதர்லாந்துக்காரர்கள் அதைக் கெட்ட உடன்படிக்கை என்றார்கள், கடைசியில் நிறைவேறவும் இல்லை. அத்தனை பிடியும் பிடித்தால் நழுவத்தானே செய்யும்.

1509 ஏப்ரல் 21ல் ஹென்றி இறந்தார். இரண்டு நாள் சேதியை வெளியே விடவில்லை. விட்டவுடன் நடந்த முதல் காரியங்களில் ஒன்று, எம்ப்சனும் டட்லியும் கைது. 17 வயது எட்டாம் ஹென்றிக்கு ஊர் மெச்ச ஒரு தொடக்கம் தேவைப்பட்டது. சிறையில் டட்லி உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினார், மறைந்த மன்னர் அளவுக்கு மீறிக் கசக்கியதாக அவர் நினைத்த 84 பேர் விவகாரம். மன்னரின் ஆன்மா சாந்திக்காக அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று. 1510 ஆகஸ்ட் 17ல் இரண்டு பேர் தலையும் வெட்டப்பட்டது. குற்றச்சாட்டு ராஜத்துரோகம். பிணைப்பத்திரங்களைக் குற்றமாக எடுக்கவே முடியாது. கணக்குகளில் இருந்தது பழைய மன்னரின் கையெழுத்து.

நன்றி, வணக்கம்.