அமைதியான பிள்ளைக்கும் ஏடிஎச்டி இருக்கலாம்

வணக்கம் மக்களே. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் போவது, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு என்று வருகிற மூளை வளர்ச்சி சார்ந்த நிலை, என்றாலே பெஞ்சில் உட்காராமல் ஓடுகிற பையன்தான் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறான். இன்றைக்கு நான் பேசப்போவது ஜன்னலோரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளையைப் பற்றி.

ஏடிஎச்டியில் துறுதுறுப்பும் அவசரமும் மேலோங்கி இருப்பது ஒரு வகை. கவனம் நழுவுவது மட்டுமே பெரிதாகத் தெரிவது இன்னொரு வகை. இரண்டும் கலந்தும் வரும். இதில் கவனம் நழுவுகிற வகைதான் யார் கண்ணிலும் படாமல் போகிறது, அதுவும் பெண் பிள்ளைகளிடம். அவளால் வகுப்பில் யாருக்கும் தொந்தரவு இல்லையே!

வீட்டுப்பாடத்தை எழுதி முடித்திருப்பாள், டீச்சரிடம் கொடுக்க மறந்துவிடுவாள். கணக்கு தெரியும், ஆனால் கழித்தல் குறியைக் கூட்டலாகப் பார்த்துவிடுவாள். அதே பிள்ளை இரண்டு மணி நேரம் அசையாமல் படம் வரைவாள். "அப்போ மட்டும் எங்கிருந்து கவனம் வருது?" என்று திட்டு விழும். தயவுசெய்து திட்டாதீர்கள். அவளிடம் கவனம் இருக்கிறது. வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் கஷ்டம். பிடித்த வேலை தானாகவே இழுத்துக்கொள்ளும், பிடிக்காத வேலைக்கு மூளை எளிதில் அசையாது. அது சோம்பேறித்தனமே இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கவனம் நழுவுகிற வகைக்கு டாக்டர் 9 அறிகுறிகளைக் கேட்பார். பிள்ளைகளுக்கு அதில் 6 ஆவது, குறைந்தது 6 மாதமாக, வீடு பள்ளி என இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 7 வயதாக இருந்தது, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டி நூலில் அதை உயர்த்தியது. இது ரொம்ப நல்ல மாற்றம். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு டீச்சர், கைநிறைய நோட்டு என்று வந்த பிறகுதான் பல பிள்ளைகள் திணறுவது வெளியே தெரிகிறது. கண், காது, தூக்கம், மனப்பதற்றம் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இதே மாதிரி தோன்ற அவையும் காரணமாகலாம்.

மாத்திரை என்றதும் பயப்படாதீர்கள். மெத்தில்பெனிடேட் பல காலமாகப் பயன்பாட்டில் இருக்கிற மருந்து. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றுவார்.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய ரேங்க் கார்டுகளையும் எடுத்துப் போங்கள். டீச்சர் எழுதிய குறிப்புகளை அவர் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்.