முதுகை விட்டுக் காலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் மலேசியாவின் ஃபிரேசர் மலைக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரிலுள்ள நம் புக்கிட் தீமா மலை 163 மீட்டர்தான். ஃபிரேசரோ ஆயிரம் மீட்டரைத் தாண்டிய மலை. மழை விட்ட இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பச்சை மரத்தவளை தென்பட்டது. கைகாலை மடக்கி இலையோடு இலையாக ஒட்டியிருந்தது. ஆசை தீரப் படம் எடுத்தேன், எல்லாம் முதுகுப் பக்கம். ஊர் திரும்பியதும், பல ஆண்டுகளாகத் தவளைகளைக் கவனித்துவரும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். "கால் சவ்வு தெரியுற மாதிரி ஒண்ணாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை. கடைசிவரை அந்தத் தவளைக்குப் பெயர் சொல்ல முடியவில்லை.

மரத்தவளையின் முதுகு நிறத்தை நம்பிவிடக் கூடாது. ஒரு நேரம் வெளிறும், ஒரு நேரம் கருக்கும். அடையாளம் அது மடித்து வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது: விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு, தொடையின் உட்புறம். அந்த மலைகளில் வாழும் பச்சைத் தவளை ஒன்றுக்குப் பின்னங்கால் சவ்வில் சிவப்பு ஒளிந்திருக்கும். கால் விரிந்தால்தான் தெரியும். இன்னொன்றின் சவ்வில் கறுப்பும் நீலமும். அதை ஜாவாத் தீவுத் தவளை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2010ல்தான் தனி இனமாகப் பிரித்து, மலேசிய ஆய்வாளர் நோர்ஹயாத்தி அகமதின் பெயரை வைத்தார்கள். பார்த்துப் பழகிய கண்களுக்கே இத்தனை காலம் பிடித்திருக்கிறது!

சரி, மலைக்குப் போக முடியாதவர்கள்? சிங்கப்பூரிலேயே தொடங்கலாம். குளத்தோரங்களில் வாத்துபோல ஒற்றைக் குரல் கொடுக்கும் நான்குகோட்டு மரத்தவளையைக் கேட்டிருப்பீர்கள். பெயரில் நான்கு கோடு, ஆனால் கோடே இல்லாதவையும் உண்டு. அதனால் குரலையும், முட்டைகளோடு தண்ணீருக்கு மேலே தொங்கும் நுரைக்கூட்டையும் சேர்த்துக் கவனியுங்கள். அதன் தலைப்பிரட்டைக்கு மூக்கு நுனியில் வெள்ளைப் புள்ளி இருக்கும்; எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் அது. புக்கிட் தீமா காட்டுக்குள் லவங்கப்பட்டை நிறத்தில் வெண்புள்ளிகள் தெளித்த இன்னொரு மரத்தவளை உண்டு. மரப்பொந்தில் தேங்கிய நீரில்தான் அதன் குஞ்சுகள் வளர்கின்றன. அந்தப் பொந்துகளைக் கிளறாதீர்கள்.

அப்புறம், தவளையைக் கையில் எடுக்கவே வேண்டாம். அதன் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும்; நம் கையிலோ கொசு மருந்து பூசியிருக்கும். அது தானாகத் தாவும்வரை காத்திருங்கள். தாவும்போது கால் விரியும். படம் எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

நன்றி, வணக்கம்.