சூட்டில் இறுகும் பிளாஸ்டிக்

நேயர்களுக்கு வணக்கம். விமான இன்ஜினுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பாகம் பொருத்துகிறார்கள் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். பாலிஇமைடு என்ற பிசினில் கார்பன் இழையைத் தோய்த்து அதைச் செய்கிறார்கள். சாதாரண பிளாஸ்டிக் உருகி வழியும் சூட்டிலும் அது விறைப்பாக நிற்கிறது.

பாலிமர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். சூடு ஏறினால் சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். சுமை ஏற்றினால் பொருள் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். சங்கிலிகளுக்கு நடுவே ஆங்காங்கே வேதிப் பிணைப்பு விழுந்துவிட்டால் அந்த வழுக்கல் நின்றுவிடும். இதுதான் குறுக்குப் பிணைப்பு. 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கியபோது நடந்ததும் இதுவே.

நாசாவின் லாங்லி ஆய்வு மையம் உருவாக்கிய ஒரு பாலிஇமைடு எனக்கு மிகவும் பிடித்தது. அதன் சங்கிலி முனைகளில் பினைல்எத்தினைல் என்ற அணுக்குழு இருக்கிறது. பிசின் உருகி அச்சில் பாயும்வரை அது பொறுமையாக இருக்கும். 350 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் முனைகள் விறுவிறுவென்று இணையும். அப்போது நீராவி போன்ற எதுவும் வெளிவராது. அதனால் பாகத்துக்குள் குமிழி விழும் ஆபத்து குறைவு.

இதில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. பிணைப்பு கூடக் கூட, பொருள் இளகத் தொடங்கும் வெப்பநிலையும் உயரும். அது ஓவனின் சூட்டை எட்டிப் பிடித்ததும் சங்கிலிகள் அசைய முடியாமல் உறைந்துவிடும். இணையாத முனைகள் அப்படியே உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் பாகம் கல் மாதிரி இருக்கும். வேலை முடிந்தது என்றே தோன்றும். அதனால்தான் சூட்டைப் படிப்படியாக ஏற்றி, இன்னும் பல மணி நேரம் ஓவனிலேயே வைக்கிறார்கள். மின்செலவை மிச்சப்படுத்த அந்த நேரத்தில் கைவைப்பதைப் போல மோசமான சிக்கனம் வேறில்லை என்பேன்.

சரி, பிணைப்பு எவ்வளவு கூடினாலும் நல்லதா? இல்லை. வலை நெருக்கமானால் விறைப்பு கூடும். ஆனால் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் சட்டென்று விரிசல் ஓடிவிடும். சங்கிலியை நீளமாக விட்டால் முறியாமல் தாங்கும். ஆனால் அப்போது உருகிய பிசின் கெட்டியாகி அச்சின் மூலைமுடுக்குக்குப் போக மறுக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் திறமை இருக்கிறது.

வேலை முழுதாக முடிந்ததா என்று பார்க்க, ஒரு சிறு துண்டை வெட்டிக் கலோரிமீட்டர் என்ற வெப்பம் அளக்கும் கருவியில் மறுபடி சூடாக்குவார்கள். மிச்சமிருக்கும் முனைகள் இணைந்து வெப்பத்தை வெளிவிட்டால் வரைபடத்தில் ஒரு மேடு எழும். மேடு தெரிந்தால் பாகம் திரும்ப ஓவனுக்குத்தான் போக வேண்டும்.